குவாண்டம் பூட்டு: ஏட்டில் எப்படி, நடைமுறையில் எப்படி?

சென்ற மாதம் செயற்குழுக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக் கொண்டிருந்தபோது, நம் உறுப்பினர் ஒருவர் சட்டைப் பையிலிருந்து ஒரு வண்ணத் தாளை எடுத்து நீட்டினார். மளிகைக் கடைக்குப் பில் போடும் கணினி மென்பொருள் விற்க வந்தவர் கொடுத்துவிட்டுப் போனதாம். "குவாண்டம் பாதுகாப்பு கொண்டது, உலகில் எவராலும் உடைக்க இயலாதது" என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். ஆண்டுச் சந்தா, வழக்கமாக நாம் கொடுப்பதைப் போல் மூன்று மடங்கு. "இது நிஜந்தானா அண்ணாச்சி, இல்லை கண்கட்டு வித்தையா?" என்று அவர் கேட்டார். அன்று அங்கிருந்த எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. பிறகு விசாரித்தோம், தெரிந்தவர்களிடம் கேட்டோம், கிடைத்ததைப் படித்தோம். விளங்கிய அளவில் இங்கே எழுதுகிறோம்.

இரகசியம் என்பது வணிகனுக்குப் புதிதல்ல. மாட்டுச் சந்தையில் தரகர் தோளிலுள்ள துண்டை இரண்டு கைகளுக்கும் மேல் போட்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவதை நாம் பார்த்திருக்கிறோம். சுற்றி நூறு பேர் நின்றாலும் விலை இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஜவுளிக் கடைகளில் துணியின் சீட்டில் விற்பனை விலைக்குப் பக்கத்தில் நான்கு எழுத்துகள் இருக்கும். பத்து எழுத்துள்ள ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, முதல் எழுத்து ஒன்று, இரண்டாம் எழுத்து இரண்டு என்று அடக்க விலையைக் குறித்து வைப்பது பழைய பழக்கம். அந்தச் சொல் முதலாளிக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மட்டும் தெரியும். ஆனால் கடையில் நான்கு மாதம் வேலை பார்த்த கெட்டிக்காரப் பையன் பத்துச் சீட்டுகளைப் பார்த்தே அந்தச் சொல்லைக் கண்டுபிடித்துவிடுவான். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதுதான் இதிலுள்ள பலவீனம்.

அப்படியானால் உடைக்கவே முடியாத சங்கேதம் உண்டா? உண்டு. அது ஒன்றும் குவாண்டம் இல்லை; வெறும் கூட்டல் கழித்தல்தான். வெளியூர் மண்டிக்கு 4275 என்ற விலையை அனுப்ப வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இருவரிடமும் 8163 என்ற எண் முன்பே இருக்கிறது. அதுதான் சாவி. இலக்கத்துக்கு இலக்கம் கூட்டுகிறோம். மிச்சத்தை அடுத்த இலக்கத்துக்கு ஏற்றுவதில்லை. நான்கும் எட்டும் பன்னிரண்டு, இரண்டை மட்டும் எழுது. இரண்டும் ஒன்றும் மூன்று. ஏழும் ஆறும் பதின்மூன்று, மூன்றை எழுது. ஐந்தும் மூன்றும் எட்டு. அனுப்புவது 2338. மறுமுனையில் இருப்பவர் அதே சாவியைக் கழித்து 4275 என்று எடுத்துக்கொள்வார். நடுவில் 2338-ஐப் பார்த்தவருக்கு ஒன்றுமே தெரியாது. 0000 முதல் 9999 வரை எந்த விலையாகவும் அது இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான ஒரு சாவி உண்டு. எவ்வளவு பெரிய கணினியைக் கொண்டுவந்து வைத்தாலும் இதில் கண்டுபிடிக்க எதுவும் இல்லை. இதைக் கணித முறையில் நிறுவிக் காட்டியவர் அமெரிக்கரான கிளாட் ஷானன். அந்தக் கட்டுரை 1949-ல் வெளிவந்தது.

நிபந்தனைகள் மூன்று. சாவி குருட்டாம்போக்கில் எடுத்த எண்ணாக இருக்க வேண்டும். செய்தி எவ்வளவு நீளமோ சாவியும் அவ்வளவு நீளம் வேண்டும். ஒரு முறை பயன்படுத்திய சாவியை மறுமுறை தொடக்கூடாது. கடைசி நிபந்தனையை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு வரலாறே சாட்சி. இரண்டாம் உலகப் போரின்போது, 1942 வாக்கில், சோவியத் நாட்டில் இத்தகைய சாவிப் புத்தகங்களை அச்சிட்டவர்கள் நெருக்கடியில் சில பக்கங்களை இரண்டு முறை அச்சிட்டுவிட்டார்கள். அமெரிக்கர்கள் அந்த ஒரு பிசகைப் பிடித்துக்கொண்டு, பல ஆண்டு உழைப்பில் அவர்களது உளவுச் செய்திகளில் ஒரு பகுதியைப் படித்துவிட்டார்கள்.

எனவே பூட்டில் குறையில்லை. அந்த நீளமான சாவியை வெளியூரில் இருப்பவருக்கு எப்படிக் கொடுத்து அனுப்புவது என்பதுதான் சிக்கல். தபாலில் அனுப்பினால் யாராவது பிரித்துப் படித்து, நகல் எடுத்துவிட்டு, மீண்டும் ஒட்டி அனுப்பிவிடலாம். ஆள் மூலம் அனுப்பினால் அந்த ஆளை நம்ப வேண்டும். பிரித்துப் பார்த்தால் பார்த்தது தெரிந்தே தீரும் என்ற உறை ஒன்று இருந்தால் கவலையில்லை. அப்படிப்பட்ட உறையைத் தயாரிக்கும் முயற்சிதான் குவாண்டம் மறையீடு.

இன்று நம் கைப்பேசியில் பணம் வரும்போது நடப்பது வேறு. வங்கிகளும் இணையமும் பயன்படுத்துவது கணக்குப் பூட்டு. அதில் புகழ்பெற்றது 1977-ல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் என்ற மூவர் உருவாக்கியது. இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது எளிது. பெருக்கி வந்த எண்ணிலிருந்து அந்த இரண்டையும் பிரித்தெடுப்பது மிகமிகக் கடினம். இந்தக் கஷ்டத்தின் மேல்தான் பூட்டு நிற்கிறது. 1994-ல் பீட்டர் ஷோர் என்பவர், குவாண்டம் கணினி என்று ஒன்று போதிய அளவில் உருவானால் அந்தப் பிரித்தெடுத்தல் சுலபமாகிவிடும் என்று காட்டினார். அவ்வளவு பெரிய கணினி இன்னும் உருவாகவில்லை. ஆனால் இன்று போகும் செய்திகளை நகலெடுத்துச் சேமித்து வைத்துப் பிற்பாடு உடைக்கலாம் அல்லவா? பத்து இருபது ஆண்டுகளுக்குக் காக்க வேண்டிய இரகசியம் வைத்திருப்பவர்களுக்கு இது உண்மையான கவலை. நேற்றைய பருப்பு விலையைப் பத்து ஆண்டு கழித்துத் தெரிந்துகொண்டு யாரும் என்ன செய்யப் போகிறார்கள் என்பதும் உண்மை.

இனி அந்த உறைக்கு வருவோம். இதன் தொடக்கம் வணிகர்களுக்குப் பிடிக்கும். 1960-களின் இறுதியில் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஸ்டீபன் வீஸ்னர் என்ற இளைஞருக்கு, கள்ள நோட்டு அடிக்கவே முடியாத ரூபாய் நோட்டு ஒன்றைப் பற்றி யோசனை வந்தது. நோட்டுக்குள் சில ஒளித்துகள்களை அடைத்து வைப்பது. அவற்றை அளந்து பார்க்க முயன்றாலே அவை மாறிவிடும். ஆகவே நகல் எடுக்க வழியில்லை. அவர் எழுதிய கட்டுரையை அப்போது ஏற்பார் இல்லை, 1983-ல்தான் அச்சேறியது. நடுவில், 1979-ல், போர்ட்டோ ரிக்கோ தீவில் ஸான் ஜுவான் நகரக் கடற்கரையில் மான்ட்ரீல் பல்கலைக்கழகத்தின் ஜில் பிராஸார் நீந்திக் கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவர் நீந்தி அருகில் வந்து இந்த நோட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர் ஐ.பி.எம். நிறுவனத்தின் சார்லஸ் பென்னெட், வீஸ்னரின் நண்பர். பேசிப் பேசி இருவரும் கண்டுகொண்டது இது: ஒளித்துகளை ஒரு நோட்டுக்குள் அடைத்து வைப்பது கஷ்டம், ஆனால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அனுப்புவது எளிது. எனவே இது பணத்துக்கு அல்ல, சாவி அனுப்புவதற்கே ஏற்றது.

அவர்கள் இருவரும் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1984 டிசம்பரில் எங்கே வெளிவந்தது தெரியுமா? நம் பக்கத்து ஊரான பெங்களூரில்! கணினி, சமிக்ஞை முறைகள் பற்றிய பன்னாட்டு மாநாடு ஒன்றில் விருப்பமான பொருள் பற்றிப் பேச பிராஸாருக்கு அழைப்பு வந்திருந்தது. அதன் மாநாட்டு மலரில் ஐந்தே பக்கத்தில் வந்த கட்டுரை அது. உலகம் முழுதும் இந்த முறையை இன்று அவர்கள் பெயரின் முதலெழுத்துகளையும் அந்த ஆண்டையும் சேர்த்து பி.பி.84 என்றே அழைக்கிறார்கள்.

முறை இதுதான். ஒளி என்பது போட்டான் எனப்படும் துகள்களாக வருகிறது. ஒவ்வொரு துகளுக்கும் அதிர்கிற திசை ஒன்று உண்டு. கூட்டல் குறியைப் பாருங்கள்: நிமிர்ந்த கோடு, படுத்த கோடு. பெருக்கல் குறியைப் பாருங்கள்: இரண்டு சாய்ந்த கோடுகள். அனுப்புகிறவர் ஒவ்வொரு துகளையும் இந்த நான்கு திசைகளில் ஒன்றில் அனுப்புகிறார். கூட்டல் வகையில் படுத்தது பூஜ்யம், நிமிர்ந்தது ஒன்று. பெருக்கல் வகையிலும் அப்படியே ஒரு சாய்வு பூஜ்யம், மறு சாய்வு ஒன்று. எந்த வகை, எந்த இலக்கம் என்பதைக் காசு சுண்டிப் பார்ப்பதுபோல் குருட்டாம்போக்கில் தீர்மானிக்கிறார்.

பெறுகிறவரிடம் இரண்டு அளவு கருவிகள்: கூட்டல் கருவி, பெருக்கல் கருவி. வருகிற துகளுக்கு எதைப் பயன்படுத்துவது என்று அவரும் காசு சுண்டித்தான் தேர்ந்தெடுக்கிறார். கூட்டல் வகைத் துகளைக் கூட்டல் கருவியில் அளந்தால் விடை சரியாக வரும். பெருக்கல் கருவியில் அளந்தால் பாதி சமயம் பூஜ்யம், பாதி சமயம் ஒன்று. அதோடு துகளின் பழைய திசையும் அழிந்துபோகும். இது கருவியின் குறையன்று, இயற்கையின் விதி. ஒரு தனித் துகளை அப்படியே நகலெடுத்து வைத்துக்கொள்ளவும் முடியாது என்று 1982-ல் நிறுவப்பட்டிருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் இருவரும் தொலைபேசியில் வெளிப்படையாகவே பேசிக்கொள்ளலாம். "முதல் துகளுக்கு நான் கூட்டல்", "நான் பெருக்கல்" என்று வகையை மட்டும் சொல்கிறார்கள்; இலக்கத்தைச் சொல்வதில்லை. வகை ஒத்துப்போனவற்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுகிறார்கள். ஏறக்குறைய பாதி மிஞ்சும். அதுவே சாவி.

நடுவில் ஒருவன் ஒட்டுக்கேட்டால்? அவன் துகளைப் பிடித்து அளந்துவிட்டு, அதுபோல ஒன்றை மறுபடி அனுப்ப வேண்டும். எந்தக் கருவியால் அளப்பது என்று அவனுக்கும் தெரியாது. மிஞ்சிய இலக்கங்களில் நூற்றுக்கு ஐம்பதில் தப்பான கருவியை எடுத்திருப்பான். அந்த ஐம்பதில் பாதி பெறுகிறவரிடம் தப்பாகப் போய்ச் சேரும். ஆக நூற்றுக்கு இருபத்தைந்து தப்பு. இருவரும் ஐம்பது இலக்கங்களை எடுத்து வெளிப்படையாக ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். எல்லாத் துகளையும் தொட்டவன் ஒரு தப்புகூட விழாமல் தப்பிக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஒப்பிட்ட ஐம்பதையும் எறிந்துவிட வேண்டும். தப்பு கூடுதலாக இருந்தால் மொத்தச் சாவியையும் எறிந்துவிட வேண்டும். இழப்பு ஒன்றுமில்லை, ஏனென்றால் இன்னும் செய்தியையே அனுப்பவில்லை.

உண்மையில் கம்பியில் எவனும் இல்லாவிட்டாலும் சில தப்புகள் விழத்தான் செய்யும். அதனால் "இத்தனை சதம் வரை தப்பு இருந்தாலும், அது முழுவதும் திருடன் வேலை என்றே எடுத்துக்கொண்டு, சாவியைச் சுருக்கிப் பிழிந்து அவனுக்குத் தெரிந்ததை வெளியேற்றிவிடலாம்" என்பதற்குக் கணக்கு வேண்டியிருந்தது. 1996 முதல் 2000 வரை மேயர்ஸ், லோ, சாவ், ஷோர், பிரெஸ்கில் முதலியோர் இதற்கான நிரூபணங்களைத் தந்தார்கள். தப்பு சுமார் 11 சதம் வரை இருந்தாலும் பாதுகாப்பான சாவியை எடுக்கலாம் என்பது ஷோரும் பிரெஸ்கிலும் காட்டிய கணக்கு. எதிரியிடம் எவ்வளவு பெரிய கணினி இருந்தாலும் இந்த நிரூபணம் செல்லும். விளம்பரத் தாள்களில் "எவராலும் உடைக்க இயலாதது" என்று வருவது இதிலிருந்துதான். அந்த அளவில் அது பொய்யன்று.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இங்கே சுரைக்காயில் குற்றம் இல்லை. ஏட்டில் வரைந்த கருவியும் மேசைமேல் இருக்கிற கருவியும் ஒன்றல்ல என்பதுதான் குற்றம். தராசை எடுத்துக்கொள்ளுங்கள். நெம்புகோல் விதி ஒருநாளும் பொய்க்காது. முத்திரை ஆய்வாளர் வந்து முத்திரை குத்திய அன்று தராசும் சரியாகவே இருக்கும். பிறகு தட்டுக்கு அடியில் ஒருவன் காந்தத்தை ஒட்டினால், விதி பொய்த்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் வாங்கியவருக்கு எடை குறைந்தது குறைந்ததுதான்.

இந்த வேடிக்கை முதல் நாளிலேயே தொடங்கிவிட்டது. 1989-ல் பென்னெட்டும் பிராஸாரும் மாணவர்கள் சிலர் துணையோடு நியூயார்க் மாநிலத்திலுள்ள ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் முதல் கருவியை இயக்கிக் காட்டினார்கள். ஒளி கடந்த தூரம் ஒரு முழத்துக்கும் குறைவு, சுமார் 30 சென்டிமீட்டர். துகளின் திசையை மாற்றும் பாகத்துக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மின்சாதனம் ஒவ்வொரு திசைக்கும் ஒவ்வொரு விதமாகச் சத்தம் போட்டது. அறையில் காது கொடுத்துக் கேட்டாலே எந்தத் திசை என்று தெரிந்துவிடும்! "செவிடனான திருடனிடமிருந்து எங்கள் முறை முழுப் பாதுகாப்பானது" என்ற பொருளில் பிராஸாரே பின்னாளில் கேலியாக எழுதியிருக்கிறார். தம் சரக்கின் குறையைத் தாமே சிரித்துக்கொண்டு சொல்கிற உற்பத்தியாளரை நாம் எங்கே பார்க்கிறோம்!

அடுத்தது சரக்கின் எண்ணிக்கை. ஏட்டில் ஒரு முறைக்கு ஒரு துகள். நடைமுறையில் அப்படி ஒவ்வொன்றாக எண்ணிக் கொடுக்கும் விளக்கு விலை மலிவாகக் கிடைக்காது. எனவே சாதாரண லேசர் ஒளியையே மிகவும் மங்கச் செய்து அனுப்புகிறார்கள். சராசரி பத்து துடிப்புக்கு ஒரு துகள் என்று மங்க வைத்தால், ஆயிரம் துடிப்புகளில் சுமார் 905 காலியாகப் போகும். 90-ல் ஒரு துகள் இருக்கும். ஏறக்குறைய 5-ல் இரண்டோ அதற்கு மேலோ இருக்கும். அந்த ஐந்துதான் வினை. இரண்டு இருந்தால் திருடன் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவான். வகை அறிவிக்கப்பட்டபின் தன்னிடம் உள்ளதைச் சரியான கருவியில் அளந்துகொள்வான். ஒற்றைத் துகள்களை வழியில் "தொலைத்துவிட்டு" இரட்டைகளை மட்டும் சேரவிட்டால் முழுச் சாவியும் அவன் கையில். தப்பு ஒன்றும் விழாது. 2000-ல் இது விரிவாக எடுத்துக்காட்டப்பட்டபோது அன்றிருந்த கருவிகளில் பலவற்றின் மேல் கேள்வி விழுந்தது. இதற்கு மாற்று 2003-ல் தொடங்கி 2005-க்குள் வந்துவிட்டது. பிரகாசம் கூடியவையும் குறைந்தவையுமாகத் துடிப்புகளைக் கலந்து அனுப்பி, எது எந்த விகிதத்தில் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பது. லாரியில் மூட்டை குறைகிறதென்று சந்தேகம் வந்தால், நமக்கு மட்டும் தெரிகிற அடையாளம் வைத்த சில மூட்டைகளைச் சேர்த்து ஏற்றிவிட்டுப் பார்ப்போமே, அந்தத் தந்திரம்தான்.

பெரிய இடி 2010-ல் விழுந்தது. நார்வே நாட்டு டிராண்ட்ஹைம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லார்ஸ் லைடர்சன், வாடிம் மகரோவ் ஆகியோரும் ஜெர்மானியக் கூட்டாளிகளும், கடைகளில் விற்பனைக்கு இருந்த இரண்டு கருவிகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்று சுவிட்சர்லாந்துத் தயாரிப்பு, மற்றது அமெரிக்கத் தயாரிப்பு. பெறுகிற முனையில் உள்ள உணரி ஒற்றைத் துகள் பட்டாலே "டிக்" என்று ஒலிக்கும் அளவுக்கு நுட்பமானது. அதன் மேல் விடாமல் வெளிச்சம் பாய்ச்சினால் அது குருடாகிவிடுகிறது. ஒற்றைத் துகளை உணராது. ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் பலமான துடிப்பு பட்டால்தான் ஒலிக்கும், சாதாரண விளக்கு உணரியைப் போல.

திருடன் இதை எப்படிப் பயன்படுத்துகிறான் என்று பாருங்கள். வழியில் துகளைப் பிடித்துத் தன் கருவியில் அளக்கிறான். பிறகு அந்த விடையையே பலமான துடிப்பாக்கி, சரியாக அந்த அளவுக்குச் சற்று மேலே இருக்கும்படி அனுப்புகிறான். பெறுகிறவர் தற்செயலாக அவன் எடுத்த வகைக் கருவியையே எடுத்திருந்தால் முழு ஒளியும் ஓர் உணரியில் விழுந்து ஒலிக்கும். விடையும் அவன் விடையே. வேறு வகையை எடுத்திருந்தால் ஒளி இரண்டு உணரிக்கும் பாதி பாதியாகப் பிரிந்துவிடும். பாதி ஒளி போதாது, இரண்டும் ஒலிக்காது. அதாவது எங்கே தப்பு விழ வேண்டுமோ அங்கே கருவி வாயே திறப்பதில்லை. நூற்றுக்கு இருபத்தைந்து தப்பு என்று மேலே சொன்ன காவல் நாய் குரைக்கவே இல்லை. எண்ணிக்கை பாதியாகக் குறையுமே என்றால், நீண்ட கம்பியில் துகள்கள் பெரும்பாலும் வழியிலேயே தொலைவதால் அந்தக் குறையை ஈடுகட்டிவிட அவனுக்கு இடமுண்டு. மறு ஆண்டே, 2011-ல், சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக வளாகத்தில் 290 மீட்டர் கம்பியில் இதைச் செய்து, முழுச் சாவியையும் எடுத்துக் காட்டிவிட்டார்கள். இருமுனையில் இருந்தவர்களின் கருவிகள் "எல்லாம் பத்திரம்" என்றே சொல்லிக் கொண்டிருந்தன.

குறையைக் கண்டவர்கள் வெளியிடும் முன்பே உற்பத்தியாளருக்குத் தெரிவித்தார்கள் என்பதையும், மாற்று ஏற்பாடுகள் செய்யப்பட்டன என்பதையும் சொல்லியாக வேண்டும். 2012-ல் வந்த ஒரு புதிய முறையில் அளக்கும் இடமே இருவருக்கும் பொதுவாக நடுவில் இருக்கும். அது எதிரியின் கையிலேயே இருந்தாலும் பாதகமில்லை. இன்னும் ஒரு படி மேலே போய், உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாத கருவியை நம்பாமல், விடைகளை வைத்தே சோதித்து ஏற்கும் முறையை 2022-ல் ஆக்ஸ்ஃபோர்டில் செய்து காட்டினார்கள். தூரம் இரண்டு மீட்டர். எட்டு மணி நேரத்தில் கிடைத்த சாவி 95,628 இலக்கங்கள். கைப்பேசியில் எடுக்கிற ஒரு சாதாரணப் புகைப்படத்தைப் பூட்டக்கூட அது போதாது. விஞ்ஞானத்துக்குப் பெரிய வெற்றிதான். வியாபாரத்துக்கு இன்னும் வெகுதூரம்.

தூரம் என்றதும் அடுத்த தொல்லை. நல்ல கண்ணாடி இழைக் கம்பியில் 50 கிலோமீட்டர் போனால் பத்தில் ஒரு துகள் மிஞ்சும். 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒன்று. 200-ல் பத்தாயிரத்தில் ஒன்று. சாதாரணத் தொலைபேசிக் கம்பியில் நடுநடுவே ஒலியைப் பெருக்கி அனுப்புவதுபோல் இங்கே செய்ய முடியாது; பெருக்குவது நகலெடுப்பதாகிவிடும். ஆகவே நெடுந்தூரத்துக்கு நடுவில் நிலையங்கள் வைத்து, ஒவ்வொரு நிலையத்திலும் சாவியைத் திறந்து அடுத்ததற்குப் பூட்டி அனுப்புகிறார்கள். 2017-ல் சீனாவில் பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய் வரை சுமார் 2,000 கிலோமீட்டருக்குத் திறந்த தடத்தில் இப்படி 32 நிலையங்கள். பார்சல் சர்வீஸ் குடோனில் சரக்கை இறக்கி வேறு லாரியில் ஏற்றுவது போலத்தான். குடோன் ஆள் நாணயமானவராக இருந்தால் சரி. இல்லாவிட்டால் குவாண்டம் என்ன செய்யும்?

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. மறுமுனையில் இருப்பவர் நம் ஆள்தானா என்பதைக் குவாண்டம் சொல்லாது. நடுவில் ஒருவன் உட்கார்ந்து, நம்மிடம் மண்டிக்காரராகவும் மண்டிக்காரரிடம் நாமாகவும் நடித்தால், இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கச்சிதமான சாவி உருவாகிவிடும். இதைத் தடுக்க இருவரிடமும் ஒரு சிறு இரகசியம் முன்கூட்டியே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அதைக் கொண்டு ஆளைச் சரிபார்த்து, சாவியை வளர்த்துக்கொண்டே போகலாம். மேலும், தொட்டால் நின்றுவிடும் என்பதே இந்தக் கம்பியின் பெருமை என்றால், தொழிலை நிறுத்த நினைப்பவன் சும்மா தொட்டுக்கொண்டே இருந்தால் போதும்.

இந்தக் காரணங்களால் அமெரிக்க தேசியப் பாதுகாப்பு முகமை, தன் நாட்டு முக்கிய அமைப்புகளுக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை. பிரிட்டனின் இணையப் பாதுகாப்பு மையமும் இதே கருத்தைச் சொல்லியது. 2024 ஜனவரியில் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, ஸ்வீடன் நாட்டு அமைப்புகள் கூட்டாக, இது சில தனித் தேவைகளுக்கு மட்டுமே பொருந்தும், முதல் கவனம் புதிய கணக்குப் பூட்டுகளுக்கே என்றன. அந்தப் புதிய கணக்குப் பூட்டுகளில் முதல் மூன்றை அமெரிக்கத் தரக்கட்டுப்பாட்டு நிறுவனம் 2024 ஆகஸ்டில் அறிவித்தது. குவாண்டம் கணினியாலும் பிரிக்க முடியாது என்று நம்பப்படும் கணக்குகளின் மேல் அவை நிற்கின்றன. தனிக் கம்பியோ லேசரோ வேண்டாம்; இருக்கிற கைப்பேசியிலேயே மென்பொருளை மாற்றினால் போதும்.

"நம்பப்படும்" என்று எழுதியதைக் கவனியுங்கள். இதே போட்டியில் நான்காம் சுற்று வரை வந்த ஒரு பூட்டை, 2022-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த இருவர் சாதாரணக் கணினியில் ஒரு மணி நேரத்தில் உடைத்துவிட்டார்கள். ஆகவே குவாண்டம் முறையை ஆதரிப்போர், "எங்கள் பூட்டில் கருவிதான் தவறலாம், விதி தவறாது, உங்கள் பூட்டில் விதியே நாளைக்குத் தவறலாம்" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. எங்களுக்குத் தோன்றுவது, இரண்டு பூட்டையும் சேர்த்துப் போட வசதியுள்ளவர்கள் போட்டுக்கொள்ளட்டும் என்பதே. வங்கிகளின் தலைமையகங்களுக்கு இடையே, இராணுவத்துக்கு, அரசாங்கத்துக்கு அது பொருந்தும். 2004 ஏப்ரல் 21-ல் வியன்னா நகரசபைக் கட்டடத்திலிருந்து ஒரு வங்கிக்கு, கழிவுநீர்ச் சுரங்கத்தில் போட்ட சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் கம்பி வழியாக 3,000 யூரோவை இம்முறையில் அனுப்பியதுதான் உலகின் முதல் குவாண்டம் வங்கிப் பரிமாற்றம். நம் நாட்டில் 2022 பிப்ரவரியில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமும் டில்லி ஐ.ஐ.டி.யும் பிரயாக்ராஜுக்கும் விந்தியாசலுக்கும் இடையே, ஏற்கெனவே பூமியில் கிடந்த கம்பியில் நூறு கிலோமீட்டருக்கு மேல் சாவி அனுப்பிக் காட்டின. 2023 ஏப்ரலில் மத்திய அரசு குவாண்டம் திட்டத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் தகவல் தொடர்புப் பிரிவுக்கான மையம் சென்னை ஐ.ஐ.டி.யில் அமைந்திருக்கிறது.

நம் கடைகளைப் பொறுத்தவரை, கைப்பேசியில் வரும் பணத்துக்கான பூட்டை மாற்ற வேண்டியது வங்கிகளும் பணப் பரிமாற்ற நிறுவனங்களும். அவர்கள் மாற்றும்போது செயலி தானாகப் புதுப்பிக்கப்படும். நாம் தனியே ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. நம் உறுப்பினர்கள் இழந்ததாக நமக்கு வந்த புகார்கள் எதிலும் எந்தப் பூட்டும் உடைபட்டதில்லை. ஒருவர் தொலைபேசியில் கேட்டவனுக்கு இரகசிய எண்ணைத் தாமே சொன்னார். ஒருவர் கடைவாசலில் ஒட்டிய க்யூ.ஆர். அட்டையின் மேல் இன்னொருவன் தன் அட்டையை ஒட்டிவிட்டுப் போனான். மாலை வரை வந்த பணம் அவனுக்குப் போயிற்று. இன்னொருவர் பணம் வந்ததா என்று தம் கைப்பேசியைப் பார்க்காமல், வாங்க வந்தவன் நீட்டிய படத்தை நம்பி இரண்டு டின் எண்ணெய் கொடுத்தார்.

தாள் கொண்டுவந்த உறுப்பினருக்கு மூன்று கேள்விகள் எழுதிக் கொடுத்தோம். ஒளி அனுப்பும் கருவி எங்கே இருக்கிறது, அதற்கான கண்ணாடி இழைக் கம்பி எந்த வழியாக என் கடைக்கு வருகிறது? கம்பி இல்லையென்றால், 2024-ல் அறிவித்த புதிய கணக்குப் பூட்டுகளில் எதைச் சேர்த்திருக்கிறீர்கள்? அதைச் சோதித்துச் சான்று கொடுத்தது யார்? மென்பொருள் விற்பவர் மறுநாள் வந்தபோது நம் உறுப்பினர் தாளைப் பார்த்து வரிசையாகக் கேட்டிருக்கிறார். கம்பியும் இல்லை, கருவியும் இல்லை. பெயரும் சொல்லத் தெரியவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர் இன்னும் வரவில்லை. முன்பணம் எதுவும் கொடுத்திருக்கவில்லை.